துப்பாக்கிக் குழலில் விடாப்பிடிக் கசடு: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களக்காடு, கடையம் பக்கம் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கிய விவசாயிகள், வங்கி வாசலில் காவலுக்கு நிற்கும் முன்னாள் ராணுவத்தார், என்.சி.சி. மாணவர்கள், ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரும் கேட்பவை இவை. கேள்வி வேறு வேறாக இருந்தாலும் முக்கால்வாசிக்கு அடிப்படை ஒன்றுதான்: உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று தெரிந்த பிறகு கையை வையுங்கள். கரியை எடுக்கிற திரவம் செம்பைத் தொடாது. செம்பை எடுப்பது ஈயத்தை அசைக்காது. இது தெரியாமல் தேய்த்துத் தேய்த்தே குழலைக் கெடுத்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர்.

கை வைப்பதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

தோட்டாவை எடுத்து வேறு அறையில் வையுங்கள். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றுங்கள், அல்லது குழலை மடித்துத் திறங்கள். தோட்டா உட்காரும் இடமான சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் குண்டு வெளிவரும் வாய்வரை தெரிய வேண்டும். ஏதாவது அடைத்துக்கொண்டு வெளிச்சம் தெரியவில்லை என்றால், அது குண்டோ தோட்டாவோ எதுவானாலும், கம்பி விட்டுத் தட்டாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோங்கள். நம் சட்டப்படி பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். பக்கத்து லேத் பட்டறை அதற்கான இடமில்லை.

குழலுக்குள் இருப்பது கரியா, செம்பா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்?

குழலின் வாயிலிருந்து ஒரு சிறிய டார்ச் அடித்து, சாய்வாகப் பாருங்கள். உள்ளே முறுக்கி ஓடும் புரியின் மேடுகளில் ஆரஞ்சு நிறக் கோடுகள் தெரிந்தால் செம்பு. மங்கலான சாம்பல் நிறத்தில் சிறு செதில்களாக ஒட்டியிருந்தால் ஈயம். மினுக்கமே இல்லாத கறுப்பு கரி. கறுப்புதான், ஆனால் பென்சில் முனைபோல ஒரு வெள்ளி மினுமினுப்பு இருக்கிறது என்றால், சில குண்டுகளின் மேல் பூசி வரும் மாலிப்டினம் பூச்சு. ரவைத் தோட்டா போடும் 12 போர் குழலில் சேம்பரைத் தாண்டியதும் நீளவாக்கில் பளபளக்கும் கோடுகள் பிளாஸ்டிக்.

உள்ளே விட்டெடுத்த துணியும் சொல்லும். நீலம் அல்லது பச்சை என்றால் செம்பு, காவி என்றால் துரு. நம்மூரில் காவியைப் பார்த்ததும் துரு என்று முடிவுகட்ட வேண்டாம். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மணலும் அதே நிறம்தான். விரலில் தேய்த்துப் பாருங்கள், நறநறத்தால் மணல். அப்படியானால் தேய்ப்பதற்கு முன்னால் நல்ல ஈரத்துணியால் அதை முதலில் வெளியே தள்ள வேண்டும்.

.315 ரைபிளில் செம்பு நிறைய ஒட்டுகிறது. எதில் போகும்?

குண்டின் மேலுறை செம்பும் கொஞ்சம் துத்தநாகமும் கலந்த உலோகம். அழுத்தத்தோடு புரியில் உரசிப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிவிட்டுப் போகிறது. இச்சாப்பூர் தொழிற்சாலையின் .315 ஆனாலும் வேறு எந்த ரைபிள் ஆனாலும் இது நடக்கும். குழலின் உட்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இன்னும் அதிகம்.

செம்பு தனியாக வருவதில்லை. ஒரு அடுக்கு கரி, அதன் மேல் செம்பு, மறுபடி கரி என்று மாற்றி மாற்றிப் படிந்திருக்கும். அதனால் முதலில் கரிக்கான திரவத்தில் நனைத்த துணி, பிறகு பிரஷ், பிறகு உலர்ந்த துணி. கரி குறைந்ததும் அம்மோனியா கலந்த செம்பு நீக்கி. அம்மோனியா காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து செம்பைக் கரைக்கிறது. அந்த நீல நிறம் இதனால் வருவதுதான். 1903-லிருந்து விற்கும் ஹோப்பீஸ் நம்பர் 9 போன்றவை கரியை நன்றாக எடுக்கும், கெட்டிச் செம்பில் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அம்மோனியா திரவத்தை ராத்திரி முழுக்க ஊறவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்தான் கணக்கு. கடுமையான திரவங்களுக்கு அது பெரும்பாலும் 10, 15 நிமிடம். சித்திரை வெயிலில் நம் வீடுகளுக்குள்ளேயே அது அதற்கும் முன்னால் காய்ந்துவிடும். காய விட்டால் இரும்பைப் புள்ளி புள்ளியாகக் கெடுக்கும். ஒரு சுற்று முடிந்ததும் துடைத்து, கரித் திரவத்தால் ஒரு முறை கழுவி, உலர்த்தி, அப்புறம் அடுத்த சுற்று. எப்போதும் குழலின் வாய் தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் திரவம் பின்னால் வழிந்து டிரிகருக்குள்ளும் கட்டைக்குள்ளும் போகும். பழைய துப்பாக்கிகளின் அரக்குப் பாலிஷை அம்மோனியா இளக்கிவிடும்.

எத்தனை சுற்று போனாலும் துணி நீலமாகவே வருகிறதே?

முதலில் உங்கள் கருவியைச் சந்தேகப்படுங்கள். துணியைத் தள்ளும் ஜாக் பித்தளை, பிரஷ் வெண்கலம். இரண்டிலும் செம்பு இருக்கிறது. திரவம் குழலை விட்டுவிட்டு அவற்றைத் தின்று நீலம் காட்டும். அம்மோனியா போடும்போது நைலான் பிரஷும், நிக்கல் பூசிய அல்லது பிளாஸ்டிக் ஜாக்கும் வையுங்கள். அதன் பிறகும் நீலம் வந்தால்தான் குழலில் செம்பு இருக்கிறது என்று பொருள்.

வெண்கலப் பிரஷ்ஷைத் திரவ பாட்டிலுக்குள் முக்குவதும் இதே வகை வம்பு. பாட்டிலே நீலமாகிவிடும், அழுக்கும் உள்ளே போகும். ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

அண்ணாச்சி, புளி போட்டுத் தேய்த்தால் செம்புக் குடம் பளபளன்னு ஆகுதே. குழலுக்கு ஆகாதா?

ஆகாது. குடத்தில் புளி எடுப்பது செம்பின் மேல் படிந்த கறையை. செம்பை அது விட்டுவிடுகிறது, அதனால்தானே குடம் பளபளக்கிறது! குழலிலும் அப்படித்தான்: ஒட்டிய செம்பை மினுக்கிவிட்டு, புளியின் அமிலம் பக்கத்திலிருக்கும் இரும்பில் துருவைத் தொடங்கி வைக்கும். எலுமிச்சைக்கும் இதே பதில்.

பிராஸோ?

என்.சி.சி.யிலும் காவல்துறையிலும் பெல்ட் பக்கிள் தேய்த்துப் பழகியவர்கள் கேட்பது. அதில் அம்மோனியாவும் இருக்கிறது, நுண்ணிய தேய்ப்புத் துகளும் இருக்கிறது. செம்பு போகத்தான் செய்யும். ஆனால் அது குழலுக்காகச் செய்ததல்ல. துகளை முழுக்க வெளியே எடுப்பதும் பாடு. அதற்கென்றே விற்கும் பேஸ்ட் இருக்கும்போது இதற்கு அவசியமில்லை.

பூச்சு போட்ட குண்டு சுட்ட குழல். துணி கறுப்பாகவே வருகிறது, முடிவே இல்லை. என்ன செய்ய?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1990-களில் வெளிநாட்டுப் போட்டியாளர்களிடம் மாலிப்டினம் டைசல்பைடு பூசிய குண்டு பெரிய மோகமாக இருந்தது. கிராஃபைட் போல வழுக்கும் அடுக்குகள் கொண்ட பொருள் அது. குண்டின் மேல் அதைப் பூசி, மேலே கார்னாபா மெழுகும் ஏற்றுவார்கள். உரசல் குறையும், செம்பு ஒட்டுவதும் குறையும் என்பது கணக்கு. ஓரளவு சரியும்கூட.

சங்கடம் சுத்தம் செய்யும்போதுதான். மாலிப்டினம் டைசல்பைடு எந்தக் குழல் திரவத்திலும் கரையாது. நீங்கள் பாட்டில் பாட்டிலாக ஊற்றினாலும் திரவம் பக்கத்துக் கரியைத்தான் எடுக்கும். சேம்பர் முடிந்து புரி தொடங்கும் இடத்தில் வெப்பமும் அழுத்தமும் மிக அதிகம். அங்கே பூச்சும் கரியும் மெழுகும் சேர்ந்து அடுக்கடுக்காகச் சுட்ட ஓடு மாதிரி இறுகிவிடும். வாயிலிருந்து பார்த்தால் குழல் சுத்தமாகத் தெரியும், உள்ளே தொண்டையில் கட்டி உட்கார்ந்திருக்கும்.

அதற்கு ஊடுருவும் எண்ணெய் ஒரு ராத்திரி. இது அம்மோனியா இல்லை, மெல்லிய எண்ணெய். ஊறினால் குழலுக்குக் கெடுதல் கிடையாது. மறுநாள் கரித் திரவத்தில் நனைத்த வெண்கலப் பிரஷ். அதற்கும் அசையவில்லை என்றால் ஜே.பி. போர் பேஸ்ட் போன்ற மென்மையான தேய்ப்புப் பேஸ்ட்டை எண்ணெய் தோய்ந்த, இறுக்கமான துணியில் தடவி, தொண்டைப் பகுதியில் மட்டும் குறுகிய இழுப்பாகத் தேய்க்க வேண்டும். வாய்ப்பக்கம் பேஸ்ட்டோடு வெளியே போய் உள்ளே வருவதைத் தவிருங்கள்; வாயின் விளிம்பு மழுங்கினால் குறி போய்விடும். முடிந்ததும் பேஸ்ட்டைத் துணி துணியாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும்.

துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டேன் என்று நிற்பது இந்த இடத்தில் வீண் பிடிவாதம். புரியில் மெல்லிய சாம்பல் நிறம் தங்கினால் தங்கட்டும். கட்டி போனால் போதும். ஒரே ஒரு சமயத்தில்தான் முழுக்க எடுக்க வேண்டும்: பூசிய குண்டை விட்டுவிட்டு வெறும் குண்டுக்கு மாறும்போது. பாதி பூச்சு, பாதி வெறும் இரும்பு என்று இருக்கும் குழல் கொஞ்ச நாளைக்கு ஒரே இடத்தில் சுடாது.

நம் பக்கம் இந்தப் பூச்சு வருவதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் கறுப்பு மாலி கிரீஸை மழைக்காலத்தில் துரு வராமல் இருக்கட்டும் என்று குழலுக்குள் தடவி வைப்பது. கிரீஸ் மண்ணெண்ணெயில் போய்விடும், கறுப்புத் தூள் மட்டும் புரியில் தங்கும். சுடாதவரை அது இறுகுவதில்லை, நாலைந்து எண்ணெய்த் துணியிலேயே பெரும்பகுதி வந்துவிடும். அப்படியே சுட்டீர்கள் என்றால் மேலே சொன்ன கதை.

புது ரைபிள் முழுக்கப் பழுப்பு மெழுகு மாதிரி ஏதோ பூசி வந்திருக்கிறது.

கிடங்கில் துரு பிடிக்காமல் இருக்கப் போட்ட காப்புக் கிரீஸ். காஸ்மோலின் வகைக் கிரீஸ் ஏறக்குறைய 45 முதல் 52 டிகிரியில் உருகும். நம்மூர் மே மாத வெயிலில் இரும்பு அந்தச் சூட்டை எட்டிவிடும். கட்டையிலிருந்து பிரித்த குழலை உங்கள் கண்ணெதிரே சற்று நேரம் வெயிலில் வைத்து, வழிவதைத் துடைத்து, மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் எடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். சேம்பருக்குள்ளும் போல்ட்டின் உள்ளேயும் மிச்சம் வைத்துவிடாதீர்கள். தோட்டாவைத் தட்டும் ஊசியின் வேகம் குறையும். மண்ணெண்ணெய் துரு தடுக்காது, உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

என்.சி.சி. .22 ரைபிளை ஒவ்வொரு முறையும் செம்பு நீக்கி போட்டுத் தேய்க்க வேண்டுமா?

வேண்டாம். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகோ கொழுப்போ பூசியது. அம்மோனியாவுக்கு அங்கே வேலை இல்லை. சுட்டு முடித்ததும் கேம்ப்பில் சொல்லிக்கொடுக்கும் முறையே போதும்: புல்துரூவில் (குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறு) உலர்ந்த சிந்தி, அதாவது துணித் துண்டு, பிறகு லேசான எண்ணெய் சிந்தி. சேம்பர் முனையில் வளையமாகக் கரி கட்டும். தோட்டா உள்ளே போக முரண்டு பிடித்தால் காரணம் அதுதான். கரித் திரவத்தில் நனைத்த பிரஷ்ஷை அங்கே வைத்துச் சுற்றினால் போகும்.

ஈயம் கட்டிவிட்டால் அதைக் கையால்தான் எடுக்க வேண்டும். தேய்ந்த வெண்கலப் பிரஷ்ஷில் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றி, உலர்வாகவே நாலைந்து முறை தள்ளினால் செதில் செதிலாக உதிரும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் போடாதீர்கள். செம்பு நிறத்தில் விற்பதில் சில, முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றினால் ஈயம் கரையும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். கரையும், உண்மைதான். கரைந்து வருவது ஈய அசிட்டேட், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடிய விஷம். குழல் இரும்பையும் அது அரிக்கும். வீட்டில் செய்யும் காரியமே இல்லை.

12 போர் இரட்டைக்குழல். பளபளப்பான கோடுகள் போகவே மாட்டேன் என்கிறது.

தோட்டாவுக்குள் ரவையைத் தாங்கும் பிளாஸ்டிக் கோப்பை சூட்டில் உருகித் தடவிய கோடுகள். சேம்பருக்கு முன்னால் குழல் குறுகும் இடத்திலும், வாய்ப்பக்கம் குழல் மறுபடி இறுகும் சோக் என்ற இடத்திலும்தான் அதிகம். கரித் திரவம் விட்டு அரை மணி நேரம் பொறுத்து, 12 போர் வெண்கலப் பிரஷ்ஷை முறுக்கி முறுக்கித் தள்ளுங்கள். நீளமாக உரிந்து வரும். உள்ளே புரி இல்லாத குழல் என்பதால் இங்கே பயப்பட ஒன்றுமில்லை.

பழைய கரிமருந்துத் துப்பாக்கிக்கு?

உரிமத்தில் இருக்கும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் எண்ணெய்த் திரவம் எதுவும் முதலில் வேண்டாம். கரிமருந்தின் சாம்பல் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. வெந்நீரும் கொஞ்சம் சோப்பும், சுட்ட அன்றைக்கே. பிறகு நன்றாக உலர்த்தி எண்ணெய். பழைய ராணுவத் தோட்டாவின் அடியில் தீ மூட்டும் தொப்பி மருந்தும் இதே போன்ற உப்பை விட்டுச் செல்லும், அந்தக் காலத்தில் .303 ரைபிள் குழலில் வெந்நீர் ஊற்றியது அதனால்தான்.

கம்பி நல்லதா, புல்துரூ நல்லதா?

வீட்டில் என்றால் ஒரே துண்டான கம்பி, அதுவும் பின்பக்கமிருந்து. மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் மலிவுக் கம்பியின் இணைப்பு ஒவ்வொன்றும் புரியில் உரசும். போல்ட் இருந்த இடத்தில் ஒரு வழிகாட்டிக் குழாய் செருகிக்கொண்டால் கம்பி வளையாது, திரவமும் பின்னால் வழியாது. பிரஷ் முழுக்க வெளியே வந்த பிறகே திருப்பி இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் மயிர் மடங்கிக் கம்பி மாட்டிக்கொள்ளும்.

புல்துரூ வெளியிடத்துக்கு நல்லது. ஆனால் கயிறு வாயின் ஒரு பக்கமாக உரசினால் அங்கே பள்ளம் விழும். கயிற்றில் மணல் ஒட்டியிருந்தால் அது அரம்தான். ஆடிக்காற்று வீசும் பணகுடி, ராதாபுரம் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து துப்பாக்கி துடைக்காதீர்கள் என்று சொல்வது இதற்காக. கயிற்றைத் துவைத்துக் காயவைத்து டப்பாவுக்குள் வையுங்கள்.

துணிக்குக் கடையில் வாங்கியதுதான் வேண்டுமா?

பழைய பருத்தி வேட்டி போதும். கஞ்சி முழுக்கப் போகத் துவைத்திருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது எதையும் உறிஞ்சாது. ராணுவ அளவு 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். வேட்டியின் தடிமனைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். தள்ளும்போது கொஞ்சம் பிடிமானம் இருக்க வேண்டும், உடம்பையே போட்டுத் தள்ளுகிற அளவுக்கு அல்ல.

தேங்காய் எண்ணெய் தடவி வைக்கலாமா?

எங்கள் தாத்தா அதைத்தான் போட்டார் என்று பலர் சொல்வார்கள். நாள்பட்டால் அது சிக்குப் பிடிக்கும், அதில் உண்டாகும் அமிலம் உலோகத்துக்கு ஆகாது. தையல் மிஷின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். துப்பாக்கி எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லது. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, மாதக்கணக்கில் காக்க அல்ல. வண்டியிலிருந்து வடித்த வேஸ்ட் ஆயிலில் கரியும் அமிலமும் உண்டு, அதைத் தொடவே வேண்டாம்.

தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி திரும்பி வரும்போது துருவோடு வருகிறது. என்ன செய்யலாம்?

2024 மக்களவைத் தேர்தலுக்கு மார்ச் 16-லிருந்து ஜூன் 6 வரை நடத்தை விதி இருந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் யாரும் தொடாமல் கிடக்கும் துப்பாக்கி அது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் செம்பு, கரி இரண்டையும் எடுத்துவிடுங்கள். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உள்ளும் புறமும் எண்ணெய் சற்றுத் தாராளமாக. வாயைத் துணி வைத்து அடைக்காதீர்கள், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். தோலுறையிலும் பஞ்சு வைத்த பையிலும் வைப்பதைவிட, எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றுவது மேல். கடலோர ஊர்க்காரர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் முதலில் உலர்ந்த துணி ஒன்று. காவியாக வந்தால் ஊடுருவும் எண்ணெய் ஒரு நாள், பிறகு வெண்கலப் பிரஷ். மேல் துரு போய்விடும். குழி விழுந்திருந்தால் எந்த மருந்தும் அதை நிரப்பாது. அந்தக் குழிகளில் இனிமேல் செம்பும் கரியும் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உப்புத்தாள் சுற்றி உள்ளே தேய்ப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஏர் ரைபிளுக்கும் இதெல்லாம் உண்டா?

4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்குள் சக்தியும் கொண்டவற்றுக்கு உரிமம் வேண்டாம், 2016 ஆயுத விதிகளில் இருப்பது. அதில் வெடிமருந்தே இல்லை, அதனால் கரியும் இல்லை. பஞ்சுப் பெல்லட் இரண்டு மூன்று தள்ளினால் போதும். வெண்கலப் பிரஷ் வேண்டாம், திரவம் ரப்பர் வாஷரைக் கெடுக்கும். ஸ்பிரிங் வகையில் குழலுக்குள் எண்ணெய் விட்டால் அது அழுத்தத்தில் பற்றி வெடிக்கும். பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

எங்கே உட்கார்ந்து செய்வது? அழுக்குத் துணியை என்ன செய்வது?

காற்றோட்டமான அறை, கையுறை, தரையில் பழைய செய்தித்தாள். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். குளியலறையில் பிளீச்சிங் பவுடர் இருக்கும். அம்மோனியாவும் அதுவும் சேர்ந்தால் நச்சுப் புகை. துணியில் ஈயம் இருக்கும், வாய்க்காலில் அலசாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். பையில் கட்டிக் குப்பையில் தனியாகக் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் வெற்றிலையைத் தொட வேண்டும்.

எண்ணெய் போட்டு வைத்த துப்பாக்கியை எடுத்து அப்படியே சுடலாமா?

குழலையும் சேம்பரையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான். குழலில் தேங்கிய எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். சேம்பரில் இருந்தால் தோட்டாக் கூடு சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் மேல் பாரம் முழுக்க விழும். துடைத்த பிறகும் முழுச் சுத்தமான குழலின் முதல் ஒன்றிரண்டு குண்டுகள் கொஞ்சம் தள்ளித்தான் போகும். ரேஞ்சில் குறி பார்க்கும்போது அவற்றைக் கணக்கில் எடுக்காமல் அடுத்தவற்றை வைத்து சைட்டைத் திருத்துங்கள்.